நோன்பு மாதத்துக் கரண்ட் பில்

ரமழான் பிறை 2. வெள்ளி

விடியலிலிருந்து மழை. விறகு ஈரம், குசினி முழுக்கப் புகை.

இரவில் தராவீஹ் தொழ இந்த வருடம் தெருப் பெண்கள் எல்லாரும் நம் வீட்டுக்கு. கரண்ட் உள்ள வீடு இது ஒன்றுதானே. அல்ஹம்துலில்லாஹ்.

இவர் நேற்றே சொல்லிவிட்டார்: “இந்த மாசம் பில் மூணு ரூவாக்கு மேல வந்தா கம்பிய வெட்டச் செல்லுவன். பொறகு லாந்தர்தான்.” கட்டுகஸ்தோட்டைக் கடையில் வியாபாரம் மந்தம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெளிச்சம் போனால் பெண்கள் எங்கே போய்த் தொழுவது?

செய்ய வேண்டியது: விடியுமுன் சாப்பிடும் சஹர் சோறு பகல் வெளிச்சத்திலேயே ஆக்க. குசினிக்கு லாந்தர். ஹோலில் ஒரே பல்ப். வெள்ளிதோறும் மீட்டர் பார்க்க. (எண்கள் நானாகப் பழகியவை, சாமான் சுற்றி வந்த தாள்களில்.)

பிறை 9. வெள்ளி

இன்றும் மழை. பல்பை நடுக்கதவு நிலைக்கு மாற்றித் தொங்கவிட்டேன். ஹோலுக்கும் உள்ளறைக்கும் ஒரே வெளிச்சம். மீட்டர் மெதுவாகத்தான் ஓடுகிறது.

மாமிக்கு மட்டும் பிடிக்கவில்லை. இவருடைய உம்மா. கரண்ட் வந்த நாளிலிருந்தே முகம் திருப்பல். “நெருப்புமில்ல, நிலாவுமில்ல. என்னத்துக்கு இந்தக் கூத்து?” கடைசி வரிசையில், இருட்டுப் பக்கமாகத்தான் நிற்கிறார்.

அடுத்த வீட்டு ராத்தா லேஞ்சியில் காசு முடிந்து நீட்டினார். “பில்லுக்கு வச்சிக்கோ தங்கச்சி.”

“வெளிச்சத்துக்கு நான் கடை போடல்ல ராத்தா.” வாங்கவில்லை.

பிறை 23. வெள்ளி

மீட்டர் பார்த்தேன். இப்படியே போனால் மூன்று ரூபாய் வராது. பெருமை கூடாதென்று தெரியும். இருந்தும் ரெண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

பெருநாள் வியாபாரம் தொடங்கிவிட்டது. இவர் இனிக் கடையிலேயே படுக்கை.

பிறை 27. செவ்வாய்

சஹருக்கு எழுந்தால் பல்ப் எரிகிறது. இரவு முழுக்க எரிந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே மாமி, மடியில் குர்ஆன்.

“குர்ஆன் எறங்கின ராவு இந்தக் கடைசி ராவுகள்ல ஒன்டு. வெளிச்சத்த அணைக்கேலாது மகள்.”

எப்படி வேண்டாம் என்பது. உளுந்து ஊறப் போட மறந்தேன்.

பிறை 29. வியாழன்

மூன்று இரவாக அணையவில்லை. மீட்டர் பக்கம் நான் போகவில்லை.

ஷவ்வால் பிறை 6. வியாழன்

வெயில். பாய்கள் காயப் போட்டேன். பில் வந்தது. மூன்று ரூபாய் அறுபது சதம்.

இவர்: “ஒன்ட கணக்குப்படி மூணே வராதே. கடைசி நாளுகள்ல என்ன நடந்த?”

“ராவுல அணைக்காம வச்ச நான்தான்.” (அல்லாஹ் மன்னிக்கட்டும்.)

“அப்ப நாளைக்கே வெட்டச் செல்றன்.”

மாமி உள்ளறையிலிருந்து வந்தார். “அவ பொய் செல்றா. நான்தான்டா வச்ச. லாந்தர்ல எழுத்துத் தெரியாம எத்தன நோன்பு சும்மா குந்தி இருந்தன். இந்தத் தரம்தான் ஓதக் கெடச்ச. வெட்டு. உம்மா ஓதினதுக்கு வெட்டினன்டு பள்ளிவாசல்ல போய்ச் செல்லு.”

இவர் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போய்விட்டார். வெயிலில் எதற்குக் குடை என்று நானும் கேட்கவில்லை.

இனி வெட்டு இல்லை. பெண்களுக்கு வரும் நோன்புக்கும் இடம் உண்டு.

அஸர் தொழுததும் மாமி பக்கத்தில் வந்து, மெல்ல: “மகள், அந்த பல்ப என்ட கட்டில் பக்கமாக் கொஞ்சம் இழுக்கேலுமா?”

கதிரையில் ஏறி அளந்து பார்த்தேன். கம்பி எட்டுகிறது.