முன் சீட்டு

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவன் கருணையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன வாரம் போனில், கார் சும்மாதானே நிற்கிறது, விற்றுவிடலாம், நண்பனை அனுப்புகிறேன் என்றாய். அப்பா தலையாட்டினார், போனில் தலையாட்டினால் உனக்கு எங்கே தெரியப் போகிறது, நான்தான் உன்னிடம், "சரி என்கிறார்" என்று சொன்னேன். என் மனதில் இருந்தது மட்டும் வாய்க்கு வரவில்லை.

நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லையப்பா. சாப்பாடு ஆச்சா, போதும், படுக்கப் போறேன், உன் அப்பாவிடமிருந்து ஒரு நாளைக்கு வருவது அவ்வளவுதான். குழாய் சொட்டினால்கூட யாரோ கூப்பிட்டது போல் திரும்பிப் பார்க்கிறேன். இப்படி இருக்கும்போது போன மாதம் காரைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், நான் பெட்ரோல் போட்டதையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைத்திருப்பதைப் பார்த்த மெக்கானிக், "அக்கா, எங்க கார் கிளப்புல புதுசா வர்றவங்களுக்கு ஒரு ராலி வச்சிருக்கோம், ஐயா ஓட்டட்டும், நீங்க வழி சொல்லுங்க" என்றார். இந்த வயதில் பந்தயமா என்று பயந்தேன். வேகப் போட்டி இல்லையாம், எல்லா வண்டியும் ஓடும் அதே ரோட்டில், அவர்கள் தரும் புத்தகத்தில் உள்ள தூரத்தையும் அம்புக்குறிப் படங்களையும் பார்த்துத் திருப்பம் தப்பாமல், சொன்ன சராசரி வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். எல்லாம் கணக்குத்தான் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

எப்போதும் பின்னால் உட்கார்ந்தே பழகியவள், அன்றுதான் முன்னால், உன் சீட்டில் உட்கார்ந்தேன். நீ காலை நீட்டப் பின்னுக்குத் தள்ளி வைத்தது அப்படியே இருந்தது. நகர்த்த மனம் வராமல் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, சாமியை வேண்டிக்கொண்டு கிளம்பினேன். நான் இடது என்றால் அவரும் இடது என்று திருப்பிச் சொல்ல வேண்டும், மெக்கானிக் சொல்லிக்கொடுத்த முறை அது. நான் சொன்னதை உன் அப்பா காதில் வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று! சீக்கிரம் போனால் நல்லது என்று அவரை விரட்டினேன், நேரம் குறிக்கும் இடத்தில் நின்ற பெண், "முன்னாடி வந்தாலும் மார்க் போயிடும்மா" என்று சிரித்தாள். பிறகு தலையணை நழுவ, ஓடிய தூரம் மீட்டரில் சரியாகத் தெரியாமல் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டேன், ஏதோ கோழிப்பண்ணை வாசலில் போய் நின்றோம். திட்டப் போகிறார் என்று பார்த்தால், "நல்லா வழி சொன்னே போ, வந்ததுக்கு முட்டையாவது வாங்கிட்டுப் போவோமா" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது அவராகவே, "அவன் இருந்தா நம்மள கிண்டல் பண்ணி ஓட்டியே தீர்த்திருப்பான்" என்றார். நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் பழையபடி மௌனம்.

அதனால் கேட்கிறேன், உன் நண்பனை அனுப்பாதே. கார் உன் உழைப்பு, விற்றே ஆக வேண்டும் என்றால் தடுக்க மாட்டேன். ஆனால் உன் அப்பா என்னிடம்கூடச் சொல்லாமல் அடுத்த ராலிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

எங்கே போனாலும் தெய்வம் உனக்குத் துணையாக வரட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், நேற்று உன் சீட்டை முன்னால் இழுத்துவிட்டேன், மீட்டர் தெரிய வேண்டும் அல்லவா. நீ வரும்போது பின்னால் தள்ளிக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா