வாசித்துவிட்டு மறந்துபோகிறவள்

என் சண்டைக்கார அத்தைக்கு, நிறைய அன்போடும் அதைவிட நிறைய ஆத்திரத்தோடும் எழுதுவது,

அந்தப் பொம்பளை திரும்பி வந்துவிட்டாள் அத்தை. போன கிழமை, யாரும் கூப்பிடாமலே உங்கள் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, முன்பைவிடக் கணீரென்று பேசுகிறாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்து யாருக்கு என்ன பிரயோசனம்? அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளைச் சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டு போனார்களே, அவர்கள் மேல்தான்.

உங்களுக்கு வருகிற கடிதத்தை ஊர் கேட்பது உங்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் இதை நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சாந்தி உங்களுக்கு எழுதிய எதுவும் இதில் இல்லை. என் வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது, அதை ஊர் கேட்டால் எனக்கு வெட்கமில்லை.

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன உங்கள் மகள் சாந்தி அனுப்பிய போன் அது. திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டு, வந்த மெசேஜைத் தொட்டால் ஒரு பெண்குரல் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும். சாந்தி வேலை செய்கிற வீட்டில் போனில் பேசினால் எசமானிக்கு ஆகாது. படுக்கையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிற அறையில்தான். அதனால் மூச்சுக் காட்டாமல் எழுதித்தான் அனுப்புவாள். அவளுக்கு எழுதத்தான் முடியும், உங்களுக்குக் கேட்கத்தான் முடியும். நடுவில் அந்தக் குரல்.

முதல் நாள் ஞாபகமிருக்கிறதா அத்தை?

"என்னா புள்ள, யாரு இவ? எம் மக பேசுற மாதிரி இல்லயே."

"ஆளில்ல அத்தை. போனுக்குள்ள இருக்குற குரல்."

"ஆளில்லாம கொரலு எப்புடிப் புள்ள வரும்?"

கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டீர்கள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு குழாயைத் திறந்துவிட்டீர்கள். வாளி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் சேறாயிற்று. குசினியில் நிற்கிற எனக்கு எதுவும் கேட்டுவிடக் கூடாதாம்! அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் அதே கூத்து. தண்ணீர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

"நான் வாசிச்சுக் காட்ட மாட்டேனா அத்தை? இதுக்குப் போயி இவ்ளோ தண்ணியா?"

"நீ வாசிச்சா ஒம் மனசுல நிக்கும். அவ வாசிச்சா மறந்துருவா."

எனக்குச் சுருக்கென்றது. மாமியாரும் மகளும் சேர்ந்து என் தலையைத்தான் உருட்டுகிறார்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவர் வழக்கம்போல பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், உளுந்து கழுவிக்கொண்டிருந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலம். இந்தியாவுக்குப் போய்விட்ட உங்கள் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர், வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் லயத்து வாசலில் நின்று உரக்க வாசித்தார். 'உன் புருஷன் இன்னும் குடித்துவிட்டு அடிக்கிறானா?' என்று அக்கா கேட்டிருந்தார். லயமே கேட்டது. மாமாவும் கேட்டார்.

"அன்னைக்கி ராவு அந்தக் காயிதத்துக்கும் சேத்து வாங்குனேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிக்கிற விஷயமா அத்தை அது?

அதன் பிறகு நான் தண்ணீர் பில்லைப் பற்றிப் பேசவில்லை. அடுத்தவர் வாயால் கடிதம் கேட்டே வயதான ஒருத்திக்கு, தனக்கு வந்ததைத் தான் மட்டும் கேட்கிற சுகம் அந்தச் சின்ன வட்டத்தில்தான் கிடைத்தது. அதைத்தான் பிடுங்கினார்கள்.

ஒரு நாள் காலையில் போன் தானாகவே அணைந்து எழும்பியது. அப்டேட்டாம். யாரிடம் கேட்டுப் போட்டார்கள்? வட்டம் இருந்தது, பொம்பளையைக் காணோம். இருந்தவளும் வேறு யாரோ. தமிழ் எழுத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டாள். நடுவில் வருகிற இலக்கத்தையும் ஒன்றிரண்டு இங்கிலீஷ் சொல்லையும் மட்டும் உச்சரித்தாள். சாந்தி திரை நிறைய எழுதியிருந்த மெசேஜ் உங்கள் காதில் "டென்... டூ... ஓகே" என்று விழுந்தது.

"எம் மக இம்புட்டு நீட்டா எழுதியிருக்கா. இவ என்னா மூணே வார்த்தைல முடிக்கிறா?" என்று என்னிடம் கேட்டபோது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நான் கண்டியில் துணிக்கடையில் பில் போடுகிறவள். எனக்குத் தெரிந்த வியாபாரத்தை வைத்துக் கேட்கிறேன். சேலையை விற்றுவிட்டு, ராத்திரியில் வாங்கினவள் வீட்டுக்குள் புகுந்து முந்தானையை வெட்டி எடுத்துக்கொண்டு, 'உங்கள் சேலை மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று துண்டுச் சீட்டு வைத்துவிட்டு வந்தால் எங்கள் முதலாளியை இந்த ஊர் சும்மா விடுமா? கடைக் கண்ணாடி மிஞ்சுமா? போன் கம்பெனிக்காரன் செய்தால் மட்டும் அது முன்னேற்றமாம்.

அலையாத இடமில்லை. கம்பெனியின் சேவை நிலையத்தில் நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். சிங்களத்தில் பேசிய அந்தப் பிள்ளை பாவம், நல்ல பிள்ளைதான். மொழிப் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தேடினாள். தமிழ் என்று எழுதியிருந்தது, தொட்டால் குரல் கிடைக்கவில்லை என்றது. அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும், பொறுங்கள் என்றாள். அது எப்போது வரும் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினாள். மேலே மாடியில் மனேஜர் இருக்கிறாரா, கடவுள் இருக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிற, மடவளை ஊர் முஸ்லிம் நானாதான் கொஞ்சமாவது உண்மையைச் சொன்னார்.

"இது போன்ல உள்ள பழுதில்ல தங்கச்சி. அவங்களே எடுத்துட்டாங்க. பழைய மாதிரி ஆக்கணும்டா உள்ளுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சித்தான் ஏத்தணும். மெசேஜெல்லாம் திரும்ப வரும்டு நான் பொறுப்பெடுக்க மாட்டேன்."

நீங்கள் அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கி முந்தானைக்குள் செருகிக்கொண்டீர்கள். "வந்தத அழிச்சிட்டு வாற கொரலு எனக்கு எதுக்கு?" என்றீர்கள்.

அவரே வேறொரு செயலியைப் போட்டுத் தந்தார். அது தமிழ் வாசித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு வரி வாசித்ததும் நிறுத்திவிட்டு விளம்பரம் போட்டது. அன்று சாயந்தரம் குழாயடியிலிருந்து நீங்கள் வந்த வேகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"எம் மக அழுவுற எடத்துல சவுக்காரம் விக்கிறான் புள்ள! எடு இத!"

அழுகிறாளா, ஏன் என்று நான் வாயெடுத்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். எடுக்கத் தேவையே இருக்கவில்லை. மறுநாள் அது தானாகவே பூட்டிக்கொண்டு, வங்கி அட்டை இலக்கம் கேட்டது.

கம்பெனிக்கு எழுதினேன். தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சியும் எழுதினேன், திட்டியும் எழுதினேன். பதில் வந்தது. உங்கள் பிராந்தியத்தில் இந்த மொழிக்கு இந்த வசதி தற்போது இல்லை, புரிந்துணர்வுக்கு நன்றி. கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை தருவீர்கள் என்று ஒரு கேள்வி. நேற்றுவரை தமிழ் வாசித்த போனை எந்தப் பிராந்தியத்தில் வைத்திருந்தோமாம்? குண்டசாலை வீட்டிலிருந்து நாங்கள் எங்கேயும் போகவில்லையே. போனது அவர்கள்தானே?

என் போனுக்கு அனுப்பிக் கேட்கலாமென்றால், அதுவும் அதே கம்பெனி, அதே ஊமை. நானே வாசிக்கிறேன் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். "அவளே வந்து வாசிக்கட்டும்" என்றீர்கள்.

சாந்திக்கும் சொல்ல விடவில்லை. தெரிந்தால் அவள் குரலில் பேசி அனுப்புவாள், எசமானியிடம் மாட்டிக்கொள்வாள் என்று பயம். வருகிற ஒவ்வொரு மெசேஜுக்கும் அந்தச் சிவப்பு ஹார்ட்டை மட்டும் போட்டு அனுப்பினீர்கள். என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமலே. சாயந்தரமானால் பழக்கதோஷத்தில் அதே கல்லில் போய் உட்கார்ந்து, வட்டத்தைத் தொட்டுப் பார்ப்பீர்கள். அப்போது குழாயைத் திறக்கமாட்டீர்கள். ஒளிக்க எதுவும் கேட்கவில்லையே.

அடைமழைக் கிழமையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் போன் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. பிறகு நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாந்திக்கு லீவு கொடுக்கவில்லை. போனில்தான் உங்களைக் கடைசியாகப் பார்த்தாள்.

இப்போது கேளுங்கள் அத்தை. போன கிழமை இன்னொரு அப்டேட் வந்தது. 'சில மொழிகளில் வாசிப்புக் குரல் மேம்படுத்தப்பட்டுள்ளது. மகிழுங்கள்!' மகிழ வேண்டுமாம்! எடுத்ததற்கு ஒரு மன்னிப்பில்லை, எடுத்தோம் என்ற பேச்சேயில்லை. சில மொழிகள் என்கிறார்களே, அந்தச் சிலதுக்குள் ஒருத்தி தினமும் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள் என்று அவர்களில் ஒருவனுக்காவது தெரியுமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். உள்ளே உங்களுடையவை இருப்பதால் அடிக்கவில்லை.

நான் எதையும் வாசிக்கவில்லை. உங்கள் மகனையும் விடவில்லை. என்ன செய்யட்டும் என்று சாந்தியிடமே கேட்டேன். "அது அம்மாவுக்கு எழுதினது அண்ணி" என்று மட்டும் பதில் போட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. "எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டாங்கதானே. அம்மா எல்லாத்தையும் கேட்டாங்கதானே அண்ணி?"

இன்னும் பதில் எழுதவில்லை அத்தை. நான் அதைப் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரியும், நீல அடையாளம் விழுந்துவிட்டது. இல்லை என்று எழுதினால் அந்தப் பிள்ளை அங்கே தனியாக உடைந்துபோவாள். ஆம் என்று எழுதினால் அது பொய். நான் என்ன எழுதட்டும்?

அதற்குள் அடுத்த வில்லங்கம். காலையிலிருந்து உங்கள் போன் மீண்டும் நச்சரிக்கிறது. புதிய அப்டேட் தயார், இன்றிரவு தானாகவே நிறுவப்படும் என்கிறது. 'பிறகு' என்ற பொத்தானைக்கூட எடுத்துவிட்டார்கள். நாளைக்கு அந்தப் பொம்பளை இருப்பாளா, மறுபடி ஊமையாவாளா, யாருக்குத் தெரியும்? இந்த முறை அவர்களை நம்பி நான் காத்திருக்கப் போவதில்லை.

இன்று சாயந்தரம் அவளிடம் வேலை வாங்குகிறேன் அத்தை, இது சத்தியம். உங்கள் போனைத் துடைத்து, அந்தக் கல்லில், நீங்கள் உட்காருகிற இடத்தில் வைப்பேன். அவள் வாயடைத்துப் போன நாளிலிருந்து வந்த மெசேஜ்களுக்கு, எழுத்தில் கண் படாமல் தள்ளிக்கொண்டு போய், வட்டத்தைத் தொடுவேன். இப்போது தொடர்ந்து கடைசிவரை வாசிக்கிறாளாம், அதுதான் அவர்கள் செய்த மேம்பாடு. அவள் வாய் திறக்கும் முன்னே குழாயைத் திறந்துவிட்டு உள்ளே வந்து பின்கதவைச் சாத்திக்கொள்வேன். வாளி நிரம்பி வழியட்டும், முற்றம் சேறாகட்டும், பில் வருகிறபடி வரட்டும். அவள் வாசித்து முடிக்கிறவரைக்கும் நான் கதவைத் திறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் சாந்திக்குப் பதில் எழுதுவேன். ஒரே வார்த்தை. கேட்டாங்க.

குழாயடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் மருமகள்,
மலர்