யார் வீட்டுச் சாமான்

ஐயா,

உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை என் மேசையில் கிடக்கிறது. கட்டிய நூல்கூட இன்னும் அவிழவில்லை. இன்று காலை உங்கள் பழம்பொருள் கடையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த உங்கள் மகள், கம்ப்யூட்டரின் ஓரத்தில் தொங்கிய இதைக் கழற்றிக் காட்டினார்.

உங்கள் கடையில் அட்டை இல்லாத சாமான் கிடையாது. பள்ளத்தூர்க் கதவோ, நாச்சியாபுரத்துப் பீங்கான் ஜாடியோ, எந்த வீட்டிலிருந்து யார் கொடுத்து வந்தது என்று எழுதித் தொங்கவிடுவீர்கள். "வந்த வழி தெரியாத சாமான் நமக்கு வேணாம் தம்பி" என்பீர்கள்.

கடைக்கு நான் இணையதளம் செய்து காட்டிய அன்று, தொட்டால் படம் பெரிதாக விரிவதை நாலைந்து முறை தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு சிரித்துக்கொண்டே, "இது யாரு வீட்டுச் சாமான் தம்பி?" என்றீர்கள்.

"நானே செஞ்சதுய்யா" என்றேன்.

பொய். படத்தை அப்படி விரிக்கும் நிரல் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எழுதி விற்பது. ஓர் உரிமம் ஒரு தளத்துக்கு மட்டும்தான். ஒரு ஹோட்டலின் தளத்துக்காக வாங்கியதை, அதன் மேலே இருந்த கம்பெனியின் பெயர் வரியை அழித்துவிட்டு, உங்கள் தளத்திலும் போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

பார்த்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு உங்கள் பெயருக்குத்தான் கடிதம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமலே மகளை டைப் அடிக்கச் சொல்லிப் பதில் அனுப்பினீர்கள்: "செய்தவர் எனக்குத் தெரிந்தவர். பொய் சொல்ல மாட்டார்." விஷயம் தெரிந்து ஓடிவந்த என்னிடம், "நீங்க ஏன் பதறுறீக? நான் பதில் போட்டுட்டேன்ல" என்றீர்கள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டு, வேறொன்றை உண்மையிலேயே நானே எழுதிப் போட்டேன். கம்பெனியும் அதோடு விட்டுவிட்டது. சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு முறையும் கடைக்கு வருவேன். நீங்கள் காபி வாங்கித் தருவீர்கள். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அட்டையில், நான் தளத்தைக் காட்டிய அன்றைய தேதிக்குக் கீழே இருப்பது இவ்வளவுதான்: "படம் விரியும் பெட்டி. செய்தது நம்ம தம்பி. காரைக்குடி."

உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பச்சிகிட்ட இதச் சொன்னீகளாண்ணே?"

உங்களிடம் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப அட்டைய நீங்களே வச்சுக்கங்க. பொய் எழுதுன அட்டை நம்ம கடையில தொங்கக் கூடாது."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், ஐயா. எழுதியது நீங்கள். பொய் என்னுடையது.