கேட்டைத் தாண்டிய வாய்க்கரிசி

நேற்று உன் தலைமாட்டில் நின்றபோது, ஈமச்சேவை நிறுவனத்து ஆள் என் கையில் சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். வாய்க்கரிசி. ஆளுக்கு ஒன்று என்று தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். பிரித்ததும் பச்சரிசி வாசனை வந்தது. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிரிப்புத்தான் முதலில் வந்தது. உனக்கும் வந்திருக்கும்.

இப்போது எல்லாம் சுலபமடி. உன் மகன் ஒரு போன் செய்தான். ஆயர் குரோவில் உன் வீட்டு வாசலில் கூடாரம், நாற்காலி, பூ, பண்டாரம், கண்ணாடி வண்டி, உம்பாய் பக்கம் கடலில் சாம்பல் கரைக்கப் படகு வரை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். "யாரு கொள்ளி வைக்கிறது, யாரு யாரு வாய்க்கரிசி போடுறது, அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார் அந்த ஆள். உன் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து நிரையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிய காலம் முதல் உன் வீட்டுக் காரியமும் என் வீட்டுக் காரியமும் எப்போது வேறாக இருந்தது?

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் என் அப்பா இறந்த நாளை நினைத்துக்கொண்டேன். ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி நம் தோட்டம். நாம் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே கேட், அதில் துப்பாக்கியோடு காவலர். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு மணி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். பால்மரம் வெட்டப் போகும்போதே தூக்குச்சட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போவோம். சுடுகாடோ வேலிக்கு வெளியே இருந்தது.

அன்று ஏது நிறுவனம்? மூங்கில் வெட்டிப் பாடை கட்டியது, ஜாசின் பசாரில் கோடித்துணி வாங்கியது, தப்புக்காரரைக் கூட்டி வந்தது எல்லாம் லயத்து ஆட்கள்தான். அம்மாவைப் பிடித்துக்கொள்ள நீ. சிங்கப்பூரிலிருந்த அண்ணனுக்குத் தந்தி போயிருந்தது. ஊரடங்குக்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்பதால், பஸ்ஸை விட்டிறங்கி நேராகச் சுடுகாட்டுக்கே வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அதே கவலை. "தலைப்பிள்ள கையால ஒரு பிடி அரிசி இல்லாம அவரு போவக்கூடாதுடி" என்று உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சாவு வீட்டில் சடங்கு நினைவிருக்கும், சட்டமா நினைவிருக்கும்? அண்ணனுக்கென்று ஒரு பிடி அரிசியைக் கோடித்துணியின் முனையில் முடிந்து, அதை அப்பாவின் மேல் போர்த்திவிட்டாள் அம்மா. பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கேட்டில் பாடையை இறக்கச் சொன்னார் காவலர். மலாய்க்காரர், நம் வயதுதான் இருக்கும். துணியைத் தடவியபோது முடிச்சு கையில் பட்டது. அவிழ்த்தார். தப்புச் சத்தம் நின்றுபோனது. யார் முடிந்தது என்று கேட்டார். அம்மா கையைத் தூக்கிவிட்டாள். அரிசி கடத்தினால் சிறை என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் அந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும். நீயோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாய்.

"இனி டியா புன்யா லா, அபாங். டியா சென்டிரி பாவா" என்றாய். இது அவருடையது அண்ணே, அவரேதான் கொண்டுபோகிறார் என்று. உன் பசார் மலாயைக் கேட்டு எத்தனையோ நாள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

செத்தவர் எப்படிக் கொண்டுபோவார் என்று கேட்டார் காவலர். நீ அவர் உள்ளங்கையிலிருந்த அரிசியை வழித்தெடுத்து, சேர்த்துக் கட்டியிருந்த அப்பாவின் கைகளுக்குள் திணித்தாய். "அவரு பங்கு. அவரு கையிலயே இருக்கட்டும்" என்றாய், தமிழிலேயே. அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாயோரம் நாங்கள் போட்ட அரிசி ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றினார். கூடவே இன்னொரு காவலரை அனுப்பி வழிவிட்டார்.

அண்ணன் அந்தக் கையிலிருந்துதான் அரிசியை எடுத்து அப்பாவின் வாயில் போட்டார். "எனக்குச் சோறு ஊட்டுன கை, கடைசியிலயும் அதுதான் அரிசி குடுத்துச்சு" என்று தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சிறைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். அப்பா குறையில்லாமல் போனார். அதற்கு நான் உனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயமாக இல்லையா என்றுதான் கேட்டேன்.

"ஒங்கம்மா கையத் தூக்குனப்பவே என் உசுரு போயிருச்சுடி. போன உசுருக்கு என்னா பயம்?" என்றாய்.

நேற்று உன் வாயில் அரிசி போட்டேன். பொட்டலத்தில் மிச்சமிருந்ததை உன் விரல்களுக்குள் திணித்தேன். "பாட்டி, வாயில மட்டும் போட்டா போதும் லா" என்றார் அந்த ஆள். "அது அவ பங்குய்யா. நீ ஒன் வேலயப் பாரு" என்றேன். உன்னோடு பழகிய வாய் வேறெப்படிப் பேசும்?

பெண்களும் சுடலைவரை போகிற காலம் இது. கண்ணாடி வண்டிக்குப் பின்னால் பஸ்ஸில் வந்தேன். சுடலை வாசலில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. வண்டி நின்றது. காவல்காரர் எழுந்து வந்ததும் நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். அவர் வண்டி எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கம்பியைத் தூக்கினார்.

எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் ஜன்னலோரம், உனக்குக் கேட்கிற அளவுக்குச் சொல்லி வைத்தேன்: இனி டியா புன்யா லா, அபாங்.