கழுத்தில் கட்டிய கிட்டார்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே போசரியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் வீணாய்க் கிடந்த பேக்கிங் மரத்தில் ஒரு கிட்டார் செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? போன ஞாயிறு மாலை பக்கத்தில் பாணேரில் ஒரு காபிக் கடையில், யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம் என்கிற ஓபன் மைக்கில், அதை வாசித்துப் பாடினேன். முதல் தடவை. மேடையில் நாற்காலியே இல்லை.

“குர்சி நஹி ஹை பையா” என்று மைக் கொடுத்தவன் சிரித்தான். நின்றுகொண்டுதான் பாட வேண்டுமாம்.

எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து செய்த எனக்கு, தோளில் மாட்ட ஒரு பெல்ட் வேண்டுமென்று தோன்றவே இல்லை. அறையில் கட்டிலில் உட்கார்ந்தே வாசித்துப் பழக்கம். கம்பெனி அடையாள அட்டையின் நாடாவால் கிட்டாரைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். மெஷினில் சிக்கினால் கழுத்தை இழுக்காமல் தானாகக் கழன்றுவிடும் நாடா அது. பாட்டின் நடுவில்தான் அது நினைவுக்கு வந்தது. முழங்கையால் கிட்டாரை வயிற்றோடு அழுத்திக்கொண்டே ஒருவழியாக முடித்தேன். கைதட்டினார்கள். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

வரும் ஞாயிறும் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போதே தினமும் அறையில் நின்றுகொண்டு பாடிப் பார்க்கிறேன். நம் கட்டிலுக்கு வாங்கிய நாடாவில் மிச்சம் இருந்தால் கூரியரில் அனுப்புங்கள். கொஞ்சம் பருப்புப் பொடியும்.

அன்றைக்கு ஃபோன் செய்யாதீர்கள். நான் பயப்படுவதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். இல்லை, மேடையேறும் முன் மாலை ஆறு மணிக்குச் செய்யுங்கள். “சாப்ட்டியா கண்ணு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

தருண்