வெஸ்லி இறங்க வேண்டாம்

அன்புள்ள மகள் மேரிபெத்துக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், கூரை ஒழுகவில்லை, அதற்குப் பெயர் சுகம் என்றால் சுகமாகத்தான் இருக்கிறோம். கடல் தாண்டி ஜப்பானில் ஒகினாவாவில் இருக்கிற நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை போட்டால் மறுநாள் பகலில் கட்டாயம் தூங்கு. போனை விட்டுவிட்டு அம்மா இதென்ன புதிதாகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறார், நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவர் நாற்பது பேசிவிடுகிறார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரும் உன் தம்பியும் முன்னறையில் நேற்றைய ஆட்டத்தை டிவியில் திரும்பவும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பாத்திரம் கழுவுவதாக அவர்கள் நினைப்பு. குழாயைத் திறந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜூன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நடக்கிறாளோ இல்லையோ வாய் மட்டும் முன்னைவிட வேகமாக நடக்கிறது. போன வாரக் காற்றில் பீக்கன் மரத்துக் கிளை முறிந்து அப்பாவின் வண்டி மேல் விழுந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பரில் உன் தம்பி வெஸ்லி தலையில் அடிபட்டு விழுந்ததும், மிச்ச ஆட்டத்தை அந்த டெக்சாஸ் பையன் டில்லன் இறங்கி ஜெயித்துக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்த ஊருக்கு வேறு பிழைப்பே இல்லை. கல்லூரி ஃபுட்பால் அணிக்குப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்காக யாரை இறக்குவது, நம் வீட்டுப் பிள்ளையா, டில்லனா, விடிந்தால் அடைந்தால் இதே பேச்சு. அப்பாவின் டயர் கடையில் சக்கரம் கழற்றிய கார் பாட்டுக்கு ஜாக்கி மேல் நிற்கும், நாலு பேர் சுற்றி நின்று அடித்துக்கொள்வார்கள். வெஸ்லிக்கு கை இருக்குப்பா, அறுபது கஜம் தூக்கி எறிவான், டில்லனுக்கு வெறும் காலுதான் இருக்கு என்று ஒருவர் சொன்னால், காலு இருக்கிறவனைப் புடிக்க முடியாதுல்ல, உங்காளு நட்ட கம்பம் மாதிரி நின்னு நின்னு அடி வாங்குறான் என்பார் இன்னொருவர். பேக்கரிக்காரர் இதையும் வியாபாரமாக்கிவிட்டார். வெஸ்லியின் ஏழாம் எண்ணையும் டில்லனின் பன்னிரண்டாம் எண்ணையும் சர்க்கரையில் எழுதி பிஸ்கட் போட்டு, எது அதிகம் விற்றது என்று கண்ணாடியில் எழுதி ஒட்டுகிறார். சர்ச்சுப் பெண்கள் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆசை ஆசையாக ஏழாம் எண் பெட்டி வாங்கி வருகிறார்கள், கவலைப்படாதே வெர்லீன், நம்ம புள்ளைதான் இறங்குவான் என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தேங்க்யூ சொல்கிறேன். பிறகு ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டாம் எண் பிஸ்கட் மூன்று பெட்டி வாங்கி வந்து கோழிகளுக்குப் போட்டேன். சிரிக்காதே. என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

உன் தம்பி இறங்கக் கூடாது மேரிபெத், இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அடிபட்ட மறுவாரம் வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடி அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தான். பிறந்து வளர்ந்த வீட்டில், டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்ததும், நீங்க இடத்தை மாத்திக்கிட்டே இருந்தா நான் என்னம்மா பண்றது என்று என் மேலேயே பழியைப் போட்டான். ஜன்னல் திரையை விலக்கினால் கண் கூசுகிறது என்கிறான், சாப்பாட்டு மேஜையிலும் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். மேஜையில் தொப்பி போட்டதற்காக உன் வகுப்புப் பையனை வாசலுக்கு அனுப்பின மனுஷன் உன் அப்பா, இப்போது பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். கேட்டால், எங்க காலத்துல தலை கிர்ருன்னு சுத்தினா ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஓடுவோம், இவனைப் பொத்திப் பொத்தி வச்சே கெடுத்துடாதே என்கிறார்.

பரிசோதனை வைப்பார்களே என்று கேட்பாய், நீ நர்ஸ் ஆயிற்றே. வைத்தார்கள், பாஸாகிவிட்டான். எப்படிப் பாஸானான் தெரியுமா? சீசன் தொடங்குமுன் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து வார்த்தைகளைக் காட்டி, படங்களைக் காட்டி, எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அளந்து வைப்பார்கள், பிறகு தலையில் அடிபட்டால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். இந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் அந்த முதல் தடவை தெரிந்ததையும் தெரியாத மாதிரி தப்புத் தப்பாக அழுத்திவிட்டு வருகிறார்கள். அளவு முதலிலேயே மட்டமாக இருந்தால் அடிபட்ட பிறகு குறைந்தது தெரியாது அல்லவா. ஆகஸ்டில் இதே மேஜையில் உட்கார்ந்து வெஸ்லி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான், அப்பாவும், பலே கெட்டிக்காரன்டா நீ என்று முதுகில் தட்டினார். நானும்தான் சிரித்தேன், எனக்கு என்ன தெரியும். டம்ளர் தேடினானே, அதற்கு அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. அணியின் மருத்துவ உதவியாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா, பையன் பெரியவன், அவன் சம்மதமில்லாம உங்ககிட்ட நான் எதுவும் பேசக் கூடாது, ஆனா அவன்கிட்ட கேட்கிறேன் என்றார். கேட்டிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு உன் தம்பி நேராக வீட்டுக்கு வந்தான். அவன் என்னிடம் குரலை உயர்த்தினதே கிடையாது, அன்றைக்குக் கத்தினான். இன்னொரு தடவை போன் பண்ணீங்கன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், டில்லன் ஒரு ஆட்டம் முழுசா இறங்கிட்டான்னா என் இடம் போச்சு, நாலு வருஷம் போச்சு, உங்களுக்கு அது புரியுதா என்றான். புரிகிறது. அதனால்தான் அழுகை வருகிறது. சர்ச்சில் புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து வெஸ்லியை இறக்கிவிடும் ஆண்டவரே என்று மன்றாடினார்கள், நடுவில் நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் ஆண்டவரே, வேண்டாம் என்று. இத்தனை பேர் கேட்பதை விட்டுவிட்டு அவர் என் ஒருத்தி பேச்சையா கேட்கப் போகிறார்?

இனி நான் செய்த வேலையைக் கேள். வியாழக்கிழமை சாயங்காலம் அணியின் கோச் அந்த மீன் உணவகத்தில் உட்கார்ந்து ரேடியோவில் ரசிகர்களோடு பேசுவாரே, அந்த நிகழ்ச்சிக்குத் தீவனக் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு போன் போட்டேன். பெயர் டோரிஸ் என்று சொன்னேன். டில்லனை இறக்குங்கள், அவனுக்குக் கண் வேகம், கால் வேகம், வெஸ்லிக்கு இந்த வருஷம் ஓய்வு கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மூச்சு விடாமல் பேசினேன். நிகழ்ச்சி நடத்துகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவ்வளவு உருகுறீங்களே டோரிஸம்மா, நீங்க டில்லனைப் பெத்த மகராசிதானே என்றார். உணவகமே விழுந்து விழுந்து சிரித்தது ரேடியோவில் கேட்டது. நான் பதறிப் போய்ப் போனை வைத்துவிட்டேன், அதுவே சாட்சியாகிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மறுநாள் விடிவதற்குள் போன் பண்ணியது டில்லனின் அம்மா ரமோனா என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பேச்சே டெக்சாஸ் பேச்சு, நான் கேட்டவுடனே கண்டுபுடிச்சுட்டேன் என்று பேக்கரிக்காரர் சொல்கிறார், தினமும் என்னிடம் ரொட்டி விற்கிற ஆள்! சரி அவர் போகட்டும், உன் அப்பா கடை ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வெட்கங்கெட்டவ, தன் புள்ளைக்குத் தானே தண்டோரா போடுறா பாரு என்று என்னிடமே திட்டினார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்தெழுகிறவளின் குரல் மனுஷனுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். இவ்வளவு வருஷம் நான் பேசினதை இந்த மனுஷன் எப்போதாவது காதில் வாங்கியிருக்கிறாரா?

நேற்று ஸ்டேடியத்தில் ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் வரிசையில் ரமோனா எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவள் அவள், பாவம், பெஞ்சில் உட்காரும் பிள்ளையைப் பார்ப்பதற்காக. உன் அப்பா வேலி ஓரத்தில் தன் கூட்டாளிகளோடு நின்றார். பின் வரிசையிலிருந்து, டோரிஸ் வந்தாச்சுப்பா, மைக்கை எடுத்து மறைங்க என்று ஒருவன் கத்த எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி, ஊர் விட்டு ஊர் வந்து எங்க புள்ளை சோத்துல மண்ணைப் போடுறியே என்றாள். ரமோனா திரும்பவில்லை. அது நான் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைதானத்தைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னாள், அது உங்க குரலுங்க, போன வருஷத்துல இருந்து பக்கத்துல உட்கார்ந்து கேட்குறேனே, எனக்குத் தெரியாதா, பெத்தவளே தன் புள்ளை வேண்டாம்னு சொல்றான்னா அதுல ஏதோ இருக்கு, அதான் நான் வாயைத் திறக்கலை, என்னங்க ஆச்சு புள்ளைக்கு? மேரிபெத், கட்டின புருஷன் கேட்காததை அவள் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றானே, அது ஞாபகம் வந்து, கைப்பையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டேன். அதற்குள் ஒலிபெருக்கியில் இறங்குகிறவர்களின் பெயர்கள் வந்தன, ஏழாம் எண் என்றதும் ஸ்டேடியமே எழுந்து நின்றது. பின்னாலிருந்து என் முதுகில் தட்டுகிறார்கள், கட்டிப் பிடிக்கிறார்கள், கை தட்டுங்க வெர்லீன், உங்க புள்ளை என்கிறார்கள். எழுந்து நின்று கை தட்டினேன். ரமோனா உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் மூன்றாவது கால்வாசியில் இரண்டு தடிப் பையன்கள் ஒரே நேரத்தில் அவன் மேல் விழுந்தார்கள். எழுந்தான். எழுந்தவன் எதிரணி நிற்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தான், நம் அணிப் பையன் ஒருவன் ஓடிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். எதிராளிகிட்டயே வழி கேட்கப் போறான் பாரு குறும்புக்காரன் என்று சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும், யாராவது அவனை வெளியே கூப்பிடுங்கள் என்று நான் கத்தினேன், அந்த இரைச்சலில் அது உற்சாகக் கூச்சலோடு கூச்சலாகப் போய்விட்டது. அடுத்த எறியே அறுபது கஜம், கடைசியில் ஆட்டம் நமக்கு. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். உன் அப்பா அழுதார், சந்தோஷத்தில். சண்டை தீர்ந்தது, இனிமேல் சீசன் முடிய ஏழாம் எண்தான் என்று ஊரே சொல்கிறது. ரமோனா போகும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். அவள் பேர் இன்னும் டோரிஸ்தான், அதையும் நான் மாற்றவில்லை, மாற்றினால் வெஸ்லிக்குத் தெரிந்துவிடும்.

இன்று சர்ச் முடிந்து வெஸ்லி சாப்பிட வந்தான். கோழி பொரித்திருந்தேன், பட்டர் பீன்ஸ், சோள ரொட்டி, அவனுக்குப் பிடித்ததெல்லாம். அப்பா ஜெபம் சொல்லி முடித்தார். வெஸ்லி உன் நாற்காலியைப் பார்த்தான். அக்காவைக் கூப்பிடலையா, எல்லாம் ஆறிப் போகுது என்றான். நாங்கள் பதில் சொல்லுமுன் மாடிப்படிப் பக்கம் திரும்பி, மேரிபெத், சீக்கிரம் இறங்கி வா, பசிக்குது என்று கூப்பிட்டான். உன் அப்பா பெரிதாகச் சிரித்து, கிண்டலைப் பாரு இவனுக்கு என்றார். வெஸ்லி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகுதான் சிரித்தான். உன் அப்பா அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை, பீன்ஸ் கிண்ணத்தை யாரிடம் நீட்டுவது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வர்றாடா, நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இன்னொரு சனிக்கிழமை போயிருக்கும், தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். அடுப்படியில் நின்று கைபேசியை எடுத்து எடுத்து வைத்தேன், என் குரலில் வராது, அதனால் காகிதத்தில் எழுதிவிட்டேன். உன் பேச்சை மட்டும்தான் அவன் சின்ன வயதிலிருந்தே கேட்பான். நீ நர்ஸ், உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், எனக்குத் தெரியவில்லை. நான் எழுதினதாகச் சொல்லாதே. கர்த்தர் உன்னைக் காப்பாற்றுவாராக, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. குளிர் வருவதற்குள் ஸ்வெட்டர் அனுப்புகிறேன். அவனைக் கூப்பிட மறந்துவிடாதே, கூப்பிட்டால் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அக்கா இப்போ எங்கே இருக்கேன் சொல்லு என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
வெர்லீன்