எருமை படுக்கும் மூலை

அக்டோபர் 8, 1989. ஞாயிறு.
நல்ல வெயில். ஆராதனை முடிந்து நேரே சிங்கப்பெருமாள் கோவில் பஸ். கையில் அளவு டேப், நோட்டு, பிளாஸ்க்கில் டீ. லில்லி வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தணுமாம்.
நம் மனை. செம்மண். மேற்கே ஏரி. கிழக்கு ஓரத்தில் மேடு, அதில் ஒற்றை வேம்பு. மூன்று மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து காற்று. ஜன்னலெல்லாம் அந்தப் பக்கம். மேற்குச் சுவரில் ஓட்டையே கூடாது, வெயில் வறுத்துவிடும்.
படுக்கையறை எங்கே? நிலத்தை விற்ற கன்னியம்மா பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். எந்த இடம் குளிர்ச்சி என்று கேட்டேன்.
"அந்தாண்ட மூல சார். சித்திர வெயில்லகூட ஜில்லுனு கீது. என் எருமைங்க அங்கதான் படுத்துகினு கெடக்கும்."
இதற்கு மேல் என்ன வேண்டும்! படுக்கையறை அங்கேயே. இருபது வருஷம் ஆபீசில் அடுத்தவன் பிளானைக் காப்பி எடுத்த டிராஃப்ட்ஸ்மேன் நான். இது என் சொந்த மூளை. பெருமைதான், மறைப்பானேன்.

அக்டோபர் 10. செவ்வாய்.
புழுக்கம். பிளான் முடிந்தது. லில்லியிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.
"அழகெல்லாம் வேணாங்க. தண்ணி உள்ள வராத வீடு ஒண்ணு போதும்."
இந்தச் சிட்லபாக்கம் வாடகை வீட்டில் வருஷா வருஷம் கட்டில் காலுக்குச் செங்கல். போன மழையில் அவள் கல்யாணப் புடவை நாசம். அன்று அழுதது இன்னும் காதில்.
"ஒரு சொட்டு வராது. நான் கேரண்டி" என்றேன்.
வாங்க வேண்டியது: சுண்ணாம்புத் தூள், கொசுவத்தி, லில்லிக்குத் தைலம்.

அக்டோபர் 15. ஞாயிறு.
மேகமூட்டம். மனையில் மார்க்கிங். மேஸ்திரி காலால் அழுத்திப் பார்த்து, "இங்க மண்ணு மெத்துனு கீதே சார்" என்றார். "ஜில்லுனு இருக்கும்யா, கோடு போடு." நவம்பர் 5 அடிக்கல் ஜெபம். பாஸ்டர் வருகிறார்.

அக்டோபர் 24. செவ்வாய்.
மூன்று நாளாக மழை. லீவு போட்டுத் தனியாகப் போனேன். மற்ற அறைகளின் சுண்ணாம்புக் கோடு லேசாகத் தெரிகிறது. படுக்கையறையைக் காணோம். அங்கே குளம். கட்டில் போடவிருந்த இடத்தில் நாலு எருமை, மூக்கு மட்டும் வெளியே.
கன்னியம்மா தலையில் கோணியோடு வந்தார்.
"தண்ணி நிக்கும்னு ஏம்மா சொல்லல?"
"எருமை படுக்கிற எடம்னு சொன்னேனே சார். அது தண்ணியில படுக்காம மெத்தையிலயா படுக்கும்?"
வெட்கம் பிடுங்கித் தின்கிறது. லில்லியிடம் சொல்லவில்லை. பயம்.

அக்டோபர் 26. வியாழன்.
தூறல். புதுப் பிளான். வீடு மேட்டுக்குப் போகிறது. வேம்பை வெட்டாமல் சமையலறை ஒரு முழம் உள்ளே. ஓட்டுக் கூரைத் தண்ணீர் எல்லாம் வழிந்து எருமைக் குளத்துக்கு. கிணறு குளத்துக்குப் பக்கத்தில், கோடையிலும் ஊறும். படம் முன்னதைவிட அசிங்கம். வீடு நன்றாக இருக்கும்.
இன்னும் சொல்லவில்லை. மடையன்.

நவம்பர் 5. ஞாயிறு.
காலையில் மழை விட்டது. லில்லி, பாஸ்டர், நான். கன்னியம்மாவும் வந்துவிட்டார். மேட்டில் நின்றதும் லில்லி கேட்டாள்: "என்னங்க, ஜில்லுனு ஒரு மூலைன்னீங்களே, பெட்ரூம், அது எங்க?"
எருமைகளைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கேரண்டி உட்பட. பாஸ்டர் வேதாகமத்தைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.
லில்லி என் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். புதுப் பிளானை வாங்கி, நான் 'குளம்' என்று எழுதியிருந்ததை அடித்தாள். பக்கத்தில் 'கேரண்டி ரூம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.
எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். ஆமென் சொல்லும்போதும் லில்லிக்குத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பில்.